டப்பாவில் போட்ட சொல்

ஐந்து பகுதிகளும் அறுநூறு பெண்களும் இருந்த அந்த நூல் மில்லில் கஞ்சப் பிசினாறி என்று பேர் வாங்கியவள் முனீஸ்வரி ஒருத்திதான், அதுவும் சொல் விஷயத்தில். மற்றவர்கள் எல்லாவற்றையும் வாரி இறைத்துவிட்டு மூன்றாம் வருஷம் வெறும் வாயோடு ஊருக்குப் பஸ் ஏறுகையில், இவள் மட்டும் வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே, ஒரு சொல் குறையாமல் முழு வாயோடு இருந்தாள். மூன்று வருஷ ஒப்பந்தம் முடிய இன்னும் இருபது நாள்தான் பாக்கி. அந்த இருபது நாளையும் வாயைக் கட்டிக்கொண்டு ஓட்டிவிட்டால் போதும் என்று அவள் நினைத்ததில் தப்பொன்றும் இல்லை, நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

சொல் எப்படிப் போனது என்று கேட்டால், டப்பாவில் போனது. மில்லுக்குள் செல்போன் கூடாது, கேட்டிலேயே வார்டன் வாங்கிப் பூட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் போனில் வரிசையில் நின்று ஐந்து நிமிஷம் வீட்டோடு பேசலாம். மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் கத்தினாலும் விழாது. இந்த லட்சணத்தில், பகுதிக்குப் பகுதி ஆள் ஓடி நேரம் வீணாக வேண்டாமே என்று, எப்போதோ வந்துபோன ஓர் இன்ஜினியர் குப்பைக்குப் போகவிருந்த பழைய கம்ப்யூட்டர்களைத் தட்டிக்கொட்டி, பஞ்சு பிரிக்கும் கூடத்திலிருந்து கோன் சுற்றும் கூடம் வரை ஒவ்வொன்று வைத்து, கம்பி இழுத்து, செய்தி அனுப்பிக்கொள்ள ஒரு சின்ன புரோகிராமையும் போட்டுவிட்டுப் போயிருந்தார். படம் கிடையாது, பாட்டு கிடையாது, மவுஸ்கூடக் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஓரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் வரிசை, அடியில் விட்டு விட்டு மின்னும் ஒரு சின்னக் கோடு. அந்த இடத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து என்டரைத் தட்டினால் எல்லாக் கூடத்திலும் அந்த வரி வந்து நிற்கும். இருபத்துநான்கு வரிதான் திரை பிடிக்கும், இருபத்தைந்தாவது வந்தால் முதல் வரி மேலே ஏறி மறைந்துவிடும், மறைந்ததைத் திரும்பப் பார்க்க வழியில்லை. எதையும் சேர்த்து வைக்காத, அவ்வளவு லேசான புரோகிராம்.

பெண்கள் அதற்கு டப்பா என்று பேர் வைத்தார்கள். சேலையின் பின் கொசுவ மடிப்புபோல ஒருத்திக்குப் பின் ஒருத்தி ஒட்டிக்கொண்டு, நூல் அறாத நேரம் பார்த்து அதில் பேசினார்கள். சாப்பிட்டாயா, என்ன குழம்பு, காலில் வீக்கம் வற்றியதா, அக்காவுக்கு என்ன குழந்தை. முதல் ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் கோன் கூடத்துச் சடையம்மாள், தலைவலி என்று டப்பாவில் அடித்துவிட்டு மாத்திரை கேட்க வார்டனிடம் போனாள். போனவளுக்கு அந்தச் சொல் வாயில் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் பட்டு வழுக்கி இறங்கியது. நெற்றியைத் தட்டித் தட்டிக் காட்டினாள், வார்டன் பேன் மருந்து எடுத்துக் கொடுத்தாள்.

டப்பாவில் போட்ட சொல் வாயிலிருந்து போய்விடும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. நுரையீரலுக்குள் பஞ்சு போனது, காதில் பாதி போனது, மாதவிலக்கு தேதி போனது, இத்தனையும் போன இடத்தில் சொல்லும் போகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அதன் சட்டதிட்டங்கள் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டன. அடித்துவிட்டு அழித்தால் சொல் தங்கும், என்டர் தட்டினால் போனதுதான். போன சொல்லைத் தாளில் எழுதவும் முடியாது, பேனா அந்த இடத்தில் மைவிடாது. ஆனால் டப்பாவில் மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம், அங்கே அது நன்றாக இருக்கும். சொற்கள் கூடுதலாகப் போய்விட்டால் ஒரு கட்டத்தில் சத்தமும் போய்விடும், வாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும். சடையம்மாள் இரண்டாம் வருஷமே அந்த நிலைக்கு வந்துவிட்டாள்.

அப்படியும் ஏன் அடித்தார்கள் என்றால், பன்னிரண்டு மணி நேரம் ஒரு பெண்பிள்ளை யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் நின்று பார்த்தால் தெரியும். ஊர் உலகமும் இதைத் தன் பங்குக்கு ஏற்றுக்கொண்டது. மில் வாசல் டீக்கடைக்காரர் டீ, வடை, பன், சோடா எல்லாவற்றையும் ஒரு அட்டையில் படமாக வரைந்து தொங்கவிட்டார், தொட்டுக் காட்டினால் போதும். பஸ் ஸ்டாண்டில் ஒருவர், ஒரு சொல் போனால் அதற்கு மாற்றாக என்ன சொல்லலாம் என்று ஒல்லியாக ஒரு புத்தகம் போட்டு விற்றார், அது கோயில் திருவிழாவில் வளையலைவிட வேகமாக விற்றது. டாக்டர் தொண்டைக்கு டார்ச் அடித்துப் பார்த்து இருமல் மருந்து கொடுத்தார். பொங்கலுக்கு வந்த மகள் சோறு என்று சொல்ல முடியாமல் பானையைக் காட்டியதைப் பார்த்துத் தாய்மார்கள் இரண்டு நாள் அழுதார்கள், மூன்றாம் நாள் கேட்காமலே போட்டுப் பழகிக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், "மில்லுல எத்தன வருஷம் இருந்துச்சு?" என்று விசாரித்து, மூன்று முழு வருஷம் என்றால் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தட்டு மாற்றினார்கள். மில் மேனேஜருக்குத்தான் இதில் மூளை நன்றாக வேலை செய்தது. புகார் நோட்டை எடுத்துவிட்டு, எந்தப் புகாரானாலும் டப்பாவில் அடித்தால்தான் ஏற்கப்படும் என்று பலகை மாட்டினார். அதற்குப் பிறகு மில்லில் புகாரே வரவில்லை.

முனீஸ்வரி டப்பாவைப் படிப்பாள், அடிக்க மாட்டாள். பெயர் வரிசையில் அவள் பெயர் நாள் முழுக்கப் பச்சையாக நிற்கும், ஒரு வரி வராது. "செத்தா கூடவே கொண்டுபோகப் போறியாடி?" என்று கேலி செய்வார்கள். அவளுடைய காரணம் அவளுக்கு. அவள் ஒன்பது வயதாக இருக்கும்போது கல்குவாரி வெடியில் அப்பா சோலையப்பனுக்கு இரண்டு கண்ணும் போயின, அடுத்த வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவருக்கு எல்லாம் அவள் சொல்வதுதான். மேகம் எந்தப் பக்கம் நிற்கிறது, எந்த ஆடு நொண்டுகிறது, எதிர்வீட்டுக்காரி என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறாள் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். வாயில்லாத மகளைக் கண்ணுள்ள தகப்பன் பார்த்தாவது ஆற்றிக்கொள்வான், இவர் என்ன செய்வார்? லீவு போட்டால் கூலி போகும் என்று பொங்கலுக்குக்கூட அவள் ஊருக்குப் போனதில்லை. ஞாயிறுதோறும் போனில் அந்த ஐந்து நிமிஷமும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். "கார்த்திக பத்தாந்தேதி வந்துருவேன்ப்பா. மூணு வருசத்துக்கும் சேத்து வச்சுச் சொல்றேன்" என்று முடிப்பாள்.

அவளுக்கு அடுத்த மெஷினில் நின்றவள் லில்லி புஷ்பம், கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது. மில்லே அவளுக்குக் கடன்பட்டிருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு பொருளுக்கும் அவள் ஊரில் வேறொரு சொல் இருந்தது. தண்ணீரைத் தொலைத்துவிட்டு ஒருத்தி அழுதுகொண்டு நின்றால், லில்லி அவள் தோளைப் பிடித்து உலுக்குவாள்.

"ஏட்டி, தண்ணி போனா போட்டும். எங்க ஊர்ல அதுக்கு வெள்ளம்னாக்கும் பேரு. எடுத்துக்க, டப்பாவுல மட்டும் போட்டுராத."

இப்படி ஹாஸ்டல் முழுக்க வெள்ளம் வெள்ளம் என்று குடித்தது. முனீஸ்வரிக்கு அவளிடம் வாங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் வாயால்தான் பேசினார்கள். வாய் நிறையச் சொல் மீதி இருந்தவர்கள் அந்தப் பக்கத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். முனீஸ்வரிக்கு அந்தப் பெண்மீது உயிர்.

மெஷினுக்கு அடியில் பஞ்சு அடைந்தால் மெஷினை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். நிறுத்தினால் நூல் மொத்தமும் அறும், ஒட்டுவதற்கு அரை மணி போகும் என்று, ஓடும்போதே குனிந்து எடுக்கச் சொல்வது சூப்பர்வைசர் தவசியின் வழக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லில்லி குனிந்தாள். தொப்பிக்குள் இறுக்கிச் சொருகியிருந்த பின்னலைத் தொப்பியோடு சேர்த்து பெல்ட் இழுத்தது. முனீஸ்வரி சுவிட்சுக்கு ஓடினாள். தவசி சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்தான், லில்லியைப் பார்த்தான், ஓடும் நூலைப் பார்த்தான், நகரவில்லை. அவள் அவன் கையைக் கடித்துத் தள்ளிவிட்டு சுவிட்சைத் தட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

தலைமுடியை ஸ்டைலாக விரித்துப் போட்டுக்கொண்டு வேலை செய்ததால் நேர்ந்த விபத்து என்று மில் சொன்னது. லில்லியின் அம்மா கேட்டுக்கு வெளியே நின்று, "எனக்க மவ அப்பிடி முடியை விரிச்சுப் போடுகவ இல்ல சாரே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், யாரும் உள்ளே விடவில்லை. ஹாஸ்டல் மாடிச் சன்னலில் நின்று முனீஸ்வரி அதைக் கேட்டாள். வாயைத் திறந்தால் டப்பாவில் அடி என்பார்கள், அடித்தால் போய்விடும், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று சன்னலைச் சாத்தினாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினொன்றாம் நாள் தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா ஜீப்பில் வந்தார். வெளியூர்க்காரர், டப்பாவின் குணம் தெரியாதவர். மேனேஜர் அவரைத் தன் அறையில் ஏசி போட்டு உட்காரவைத்து, அங்கிருந்த டப்பாவைக் காட்டி, "கூடத்துக்குள்ள ஒரே தூசி மேடம், சத்தத்துல ஒண்ணும் கேக்காது. வேலைய விட்டு ஆள் வரவும் முடியாது. இங்க எங்க நடைமுறையே இதுதான், கேளுங்க, பதில் வரும்" என்றார். வராது என்று அவருக்குத் தெரியும்.

எல்லாத் திரையிலும் ஒரு வரி வந்து நின்றது. விபத்தை நேரில் பார்த்தவர் யார்?

ஐந்து கூடத்திலும் பெண்கள் டப்பாவைப் பார்த்தார்கள், பிறகு முனீஸ்வரியின் கூடத்தில் இருந்தவர்கள் முனீஸ்வரியைப் பார்த்தார்கள். சடையம்மாள் கோன் கூடத்திலிருந்து ஓடி வந்து, நீ வெளியே வந்து என் காதில் சொல், நான் அடிக்கிறேன், எனக்குப் போவதற்கு ஒன்றுமில்லை என்று கையால் கெஞ்சினாள். தவசி அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். "பாத்தவதான் அடிக்கணும். பாத்தவ எவ?" என்று சிரித்தான். கூடத்துப் பெண்கள் தவசிக்குக் குறுக்கே நெருக்கி நிற்க, முனீஸ்வரி டப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள். மூன்று வருஷம் தொடாத விசைகள், ஒவ்வொன்றாகத் தேடித்தான் அடிக்க வேண்டியிருந்தது.

நான், என்று அடித்து என்டரைத் தட்டினாள்.

கஞ்சப் பிசினாறி அல்லவா, முதலில் அப்பாவுக்குத் தேவைப்படாத சொற்களாகப் பார்த்துத்தான் எடுத்தாள். மெஷின், பெல்ட், சுவிட்ச், சூப்பர்வைசர், தவசி. அவை போனதில் அவளுக்கு வருத்தமே இல்லை, தவசி போனபோது எச்சிலைத் துப்பிய மாதிரி இருந்தது. ஆனால் ஆய்வாளர் கெட்டிக்காரர். திரையில் வரிகள் ஏறி மறைவதைக் கவனித்து, பையிலிருந்து நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியையும் கையால் எழுதிக்கொள்ளத் தொடங்கினார். மெஷின் ஓடியதா, நின்றிருந்ததா? முடி எப்படி இருந்தது? அவன் எத்தனை அடி தூரத்தில் நின்றான்? எவ்வளவு நேரம்? விளக்கமாகச் சொல்லவும். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பின்னல், இறுக்கம், ரத்தம், சிவப்பு, ஓடினேன், பார்த்தான், நின்றான் என்று எடுத்துக் கொடுத்தாள். எவ்வளவு நேரம் என்றதற்கு, நாற்பது எண்ணும் நேரம் என்று எழுதி, அதை நம்ப வைக்க ஒன்றிலிருந்து நாற்பது வரை அடித்தாள். அந்தப் பெண் கடைசியாக என்ன சொன்னாள்? அம்மா என்றாள். முனீஸ்வரிக்கு அம்மா இல்லை, அதனால் அதையும் கொடுத்தாள், இருந்தாலும் என்டரைத் தட்டுமுன் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பதில் வராது என்று நம்பி வெளியே போயிருந்த மேனேஜர், மணி பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்து ஆய்வாளரின் நோட்டை எட்டிப் பார்த்தார். முகம் வெளிறியது, ஆனால் சுதாரித்துக்கொண்டார். "மேடம், பதினோரு நாளா வாயத் தொறக்காதவ இன்னிக்கு இவ்வளவு சொல்றான்னா, யாரோ தூண்டிவிட்டிருக்காங்க. கோர்ட்டுல இது நிக்குமா?"

அதில் நியாயம் இருப்பதாக ஆய்வாளருக்கும் பட்டது. நல்ல மனுஷிதான், கேஸ் நிற்க வேண்டும் என்றுதான் கேட்டார். பதினொரு நாள் ஏன் சொல்லவில்லை? காரணம் இல்லாமல் இந்த வாக்குமூலம் செல்லாது.

ஒரே சொல்லில் முடித்துவிடலாம் என்று முனீஸ்வரி பயம் என்று அடித்தாள். யாருக்குப் பயந்தாய் என்று வந்தது. யாருக்கும் இல்லை, அப்பாவோடு பேச வேண்டும் என்று அடித்தாள். அடித்த பிறகுதான் எதை அடித்தோம் என்று தெரிந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா போய்விட்டிருந்தது.

புரியவில்லை, அப்பாவோடு பேசுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், விளக்கமாகச் சொல்லவும் என்று வந்தது.

இனி எதைப் பிடித்து வைத்து என்ன. அவள் அடிக்கத் தொடங்கினாள். அப்பாவுக்குக் கண் தெரியாது. மேகத்தை நான்தான் சொல்வேன். கறுத்த மேகம், வெளுத்த மேகம், மழை வராத மேகம் என்று பிரித்துச் சொல்வேன். ஆடு, குட்டி, வேம்பு, காக்கை, நிலா எல்லாம் சொல்வேன். பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் அவருக்கு என் வாயில்தான் இருக்கிறது. எதிர்வீட்டில் யார் சண்டை போட்டார்கள், யார் சிரித்தார்கள் என்று சொன்னால் அவரும் சிரிப்பார். மூன்று வருஷம் பார்த்ததை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். இங்கே அடித்தால் போய்விடும். அதனால்தான் சொல்லவில்லை. லில்லி முடியை விரித்துப் போடவில்லை. வெள்ளம் என்பது அவள் சொல். அவள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

மூன்று மணி வரை அடித்தாள். யாரும் ஒரே நாளில் அவ்வளவு போட்டதில்லை, அதனால் சொல்லோடு சத்தமும் அன்றைக்கே போய்விட்டது. மேலே ஏறி மறைந்துகொண்டே இருந்த வரிகளை ஆய்வாளர் ஒன்று விடாமல் எழுதினார். பாதிக்கு மேல் அவருக்கு ஏதோ புரிந்தது போலிருக்கிறது, போதும், போதும் என்று இரண்டு முறை அடித்தார். அதற்குள் போதும் என்பதற்கு அர்த்தம் இல்லாமல் போயிருந்தது. கடைசியாக, மன்னிக்கவும், சட்டப்படி சாட்சியின் பெயரும் தகப்பனார் பெயரும் வேண்டும் என்று கேட்டார். முனீஸ்வரி, சோலையப்பன் என்று இரண்டையும் அடித்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் தவசியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லில்லியின் அம்மாவுக்கு, உங்கள் மகள் முடியைப் பின்னி இறுக்கித்தான் வைத்திருந்தாள், தவறு அவளுடையது அல்ல என்று ஆய்வாளர் தன் கையாலேயே கடிதம் எழுதினார். மில்லில் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தான், அடுத்த ஷிப்ட் வழக்கம்போல ஓடியது. நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. முனீஸ்வரி வரிசையில் நின்று போனை வாங்கிக் காதில் வைத்தாள். "ஹலோ, முனீசா? ஹலோ... ஹலோ..." என்று சோலையப்பனின் குரல் கேட்டது. பிறகு அவர் பக்கத்தில் யாரிடமோ, "லைன் கட்டாயிருச்சு போலப்பா. போகட்டும், பத்தாந்தேதி வந்துருவா, வந்தா நிறுத்தாமப் பேசுவா" என்று சொல்வதும் கேட்டது. ஐந்து நிமிஷமும் அவள் போனைக் கீழே வைக்கவில்லை.

கார்த்திகை பத்தாம் தேதி மத்தியானம் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கிப் பையோடு நடந்து வந்தபோது, சோலையப்பன் சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டி, வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

"யாரு?"

அவள் கிட்டே போய் நின்றாள்.

"யாருத்தா அது? வாயத் தொறந்து சொன்னாத்தான எனக்குத் தெரியும்."

அவள் மண்டியிட்டு அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தாள். அவர் அந்த விரல்களைத் தடவிப் பார்த்தார். நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன, நுனியெல்லாம் வெடித்த விரல்கள். அவர் மகளை அனுப்பியபோது அவள் விரல் இப்படி இருக்கவில்லை. உடம்பில் மெஷின் எண்ணெய் வாடை அடித்தது. கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"மில்லுப் புள்ளையா? பேச்சுப் போச்சாக்கும், பாவம்" என்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "எம் மக கூட வந்தியாத்தா? அவ பின்னாடி வர்றாளா? ஒக்காரு, ஒக்காரு. அவ வந்து ஒனக்கும் சேத்துப் பேசுவா."

நகர்ந்து கட்டிலில் இடம் விட்டார். முனீஸ்வரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து, அவள் வருகிறாளா என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.